இங்கு தங்கள் வீடு நலம்

செருப்ப ஏன் கழட்டினீக? போட்டுக்கங்க சார், போட்டுக்கங்க. அமீனா செருப்பக் கழட்டக் கூடாது. வாரண்டக் கையில வச்சுக்கிட்டு செருப்பக் கழட்டினா விருந்தாளி ஆயிருவோம். விருந்தாளின்னா உக்காரச் சொல்லுவான். உக்காந்தா தண்ணி குடுப்பான். தண்ணியும் குடிச்சிட்டு அவன் சாமானைத் தூக்கி எப்பிடி வெளிய வைக்கிறது? நான் முப்பத்தோரு வருஷம் அமீனா வேலை பாத்தவன். கோர்ட்டு உத்தரவோட எத்தனையோ வீட்டுக்குள்ள போயிருக்கேன், ஒரு வீட்டுலயும் செருப்பக் கழட்டினதில்ல. சாமி ரூம் வரைக்கும் செருப்போட போயிருக்கேன். புண்ணியம் சேந்திருக்காது. பென்ஷன் சேந்துச்சு.

சரி, கழட்டிட்டீக. உக்காருங்க. திண்ணையிலயே, இந்த நாற்காலியில உக்காருங்க, அது கால் ஆடும். பேரு என்ன சொன்னீக? தங்கப்பழமா? தூத்துக்குடிப் பக்கமா? அதானே, பேச்சுலயே தெரிஞ்சுச்சு. இந்தக் கோர்ட்டுக்கு மாறுதலாகி மூணு மாசம்தானா? அதான் என்னைத் தெரியல. பழைய ஆளுக யாரும் இந்த வாரண்டை எடுத்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டாங்களாக்கும். புதுசா வந்தவுக தலையில கட்டிட்டாங்க. அதுவும் பழைய வழக்கம்தான்.

சிக்கந்தர் பாய், நீங்க ஏன் வெளி கேட் பக்கத்துலயே நிக்கிறீக? உள்ள வாங்க. இவருகிட்ட கேளுங்க சார், இவரும் நானும் சேந்து எத்தனை பூட்டு உடைச்சிருக்கோம்னு. இப்ப என் பூட்டை உடைக்க இவரே வந்திருக்காரு. சந்தோசந்தான். தெரியாத ஆளு உடைச்சா நிலை பேந்துபோகும். இது தேக்கு நிலை. என்ன பாய்? 'அமீனா கூப்பிட்டா வந்து பூட்டு உடைக்கிறது நம்ம தொழிலு'ங்கிறீகளா? நான் உங்களக் குறை சொல்லலையே. கம்பியக் கீழ வச்சிட்டு உக்காருங்க. ஃபிளாஸ்க்ல டீ இருக்கு.

மணி நாலேகால். வாரண்டைப் படிச்சிட்டேன் சார். எல்லாம் சரியா இருக்கு. சீலு இருக்கு, எல்லை நாலும் இருக்கு, பிரதிவாதி கார்மேகம் வயசு எழுபத்திரெண்டுன்னு இருக்கு. இந்த வீட்டை விட்டு என்னை வெளியேத்தி, வாதி பிரிசில்லா கையில ஒப்படைக்கணும். நாளைக்கு ரிப்போர்ட் போடணும். இன்னைக்கு முடியலேன்னா இந்த வாரண்டு செத்துச்சு. புதுசா மனுப் போட்டு, புது வாரண்டு வாங்க நாலு மாசம் ஆகும். என் வயசுல நாலு மாசம்ங்கிறது கொஞ்சம் இல்ல.

இன்னொண்ணு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சூரியன் மறைஞ்சிட்டா குடியிருக்கிற வீட்டுக்குள்ள அமீனா கால் வைக்கக் கூடாது. இது மாசி மாசம். ஆறு இருபதுக்கு இறங்கும். ரெண்டு மணி நேரம் கிடக்குல்ல? நான் இழுத்தடிக்கிற ஆளு இல்ல. உங்ககிட்ட ஒரு பத்து நிமிசம் பேசணும், அம்புட்டுதான். இழுத்தடிக்கிறவனை எனக்குப் பிடிக்காது. ஏன்னா நான் ஒருத்தன்கிட்ட மாட்டியிருக்கேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. அஞ்சு மணிக்குப் போறேன். அந்த ஆளு அப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்கான். 'ஐயா, ஒரு வாய் சோறு, தின்னுட்டுக் கிளம்பிடுறேன்'ங்கிறான். சாப்பிடுறவனை எழுப்பலாமா? எழுப்பல. குழம்பு ஊத்தித் தின்னான். ரசம் ஊத்தித் தின்னான். மறுபடி குழம்புக்குப் போயிட்டான். எங்கயாச்சும் ரசத்துல இருந்து குழம்புக்குத் திரும்புவாங்களா? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். மூணாவது தடவை ரசம் கேக்கும்போது வெளிச்சம் போயிருச்சு. ஏப்பம் விட்டுட்டு, 'நாளைக்கு வாங்கய்யா'ன்னான். மறுநாள் காலையில போனா ஆளு இல்ல. ஆளு மட்டுமா? கதவு இல்ல, சன்னல் இல்ல, கிணத்து ராட்டு இல்ல. சுவத்துக்கு மட்டும் உடைமை கொடுத்துட்டு வந்தேன். அன்னையில இருந்து எந்த வீட்டுலயும் பச்சத் தண்ணி குடிச்சதில்ல.

நீங்க டீ குடிங்க சார். ஆறிடும்.

அந்த ஆட்டோ தெரியுதா, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல? அதுலதான வாதி உக்காந்திருக்கு? மூணு மணியில இருந்து நிக்குது, நான் மாடியில இருந்து பாத்தேன். நாசிக்ல இருந்து வந்திருக்கும். அதுக்கு அம்பது வயசாகுது. நான் பாவாடை சட்டையில பாத்த பிள்ளை. அது ஏன் வீட்டுப் பக்கம் வராம அங்கயே உக்காந்திருக்குன்னு தெரியுமா? நான்தான் காரணம். சொல்றேன்.

இது ஞானசௌந்தரி டீச்சர் வீடு. இந்தப் பிரிசில்லாவோட அம்மா. மிஷன் ஸ்கூல்ல பூகோளம் எடுத்தாக. சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு ஓலைக் கொட்டகையில இரவுப் பள்ளி நடத்துனாக. நான் அப்ப கோர்ட்டுல மெனியல். சம்மன் கட்டைத் தூக்கிக்கிட்டு அமீனா பின்னாடி நடக்கிறவன். இருபத்தி நாலு வயசு, மீசை எல்லாம் வச்சிருக்கேன், அஞ்சாப்பு முடிக்கல. டீச்சருக்கு என்னை விட நாலு வயசு கூட இருக்கும். முத நாள் என் கையெழுத்தைப் பாத்துட்டு, 'கார்மேகம், இது கையெழுத்தா, காக்கா நடந்ததா?'ன்னாக. மூணு வருஷத்துல பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணேன். அப்புறந்தான் அமீனா ஆனேன். அதனால என் ரிப்போர்ட்டு ஒவ்வொண்ணும் அவுக கையெழுத்துன்னே வச்சுக்கங்க.

டீச்சர் வீட்டுக்காரர் தவறிப்போனாரு. மக கல்யாணமாகி நாசிக்ல இருக்கு. டீச்சரும் வேலைய எழுதிக் குடுத்துட்டு மககிட்டயே கிளம்பிட்டாக. கிளம்புற அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு, 'கார்மேகம், நீ வாடகை வீட்டுல கிடக்க. இங்க வந்து இரு. வாடகை வேணாம். வீடு பூட்டிக் கிடந்தா செத்துப் போகும். ஒரு ரூம்ல மட்டும் என் சாமானைப் போட்டுப் பூட்டிக்கிறேன்'னாக. சாவியக் குடுத்தாக. இருபத்தி நாலு வருஷம் ஆச்சு.

அந்த ரூமைச் சொல்லிடுறேன் சார், அது முக்கியம். இருபத்தி நாலு வருஷத்துல அந்த ரூமுக்குள்ள நான் ஒரு நாள் கூட நுழைஞ்சதில்ல. பூட்டுக்கு எண்ணெய் போடுவேன், அம்புட்டுதான். சன்னல் இடுக்கு வழியா ஒரு உலக உருண்டை தெரியும். என் சம்சாரம் அங்கம்மா, 'ஒட்டடை தொங்குது, திறந்து அடிச்சிடலாமா?'ம்பா. தொடாதேன்னுட்டேன். அடுத்தவுக ரூமுக்குள்ள அனுமதி இல்லாம நுழையிறது அத்துமீறல். என் ஒழுக்கத்துல யாரும் குறை சொல்ல முடியாது.

ஏன் பாய் சிரிக்கிறீக? இருமலா? சரி சரி.

வீட்டை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். வருஷத்துக்கு ரெண்டு லெட்டர் போடுவேன், பொங்கலுக்கு ஒண்ணு, ஸ்கூல் திறக்கிற ஜூன்ல ஒண்ணு. டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரி மேல தேதி, கீழ ஊரு. எல்லாரும் 'இங்கு அனைவரும் நலம்'னு ஆரம்பிப்பாங்கல்ல? நான் 'இங்கு தங்கள் வீடு நலம்'னு ஆரம்பிப்பேன். அப்புறம் ரிப்போர்ட்டு மாதிரி வரிசையா எழுதுவேன். கிணத்துல தண்ணி பதினோரு முழம் இருக்கு. தென்மேற்கு மூலையில ஆறு ஓடு மாத்தினேன். கொய்யா இந்த வருஷம் புழு இல்லாம காய்ச்சிருக்கு. தங்கள் அறைப் பூட்டுக்கு எண்ணெய் போட்டேன். டீச்சர் பதில் போடுவாக, என் எழுத்துப் பிழைய சிவப்பு மையில சுழிச்சு. 'முழத்துக்கு ழகரம், மறக்காதே. வீடு நலம், நீ நலமா? அங்கம்மா நலமா?'ன்னு முடிப்பாக. ஒம்பது வருஷம், பதினெட்டு லெட்டரு.

அப்புறம் நிறுத்திட்டேன்.

கோவமெல்லாம் இல்ல சார். டீச்சர் மேல எனக்கு என்ன கோவம்? நான் ரிடையர் ஆகப்போற வருஷம். கடைசியா ஒரு வாரண்டு, ஒரு வீட்டுல உடைமை எடுக்கப் போறேன். ஒரு தறிக்காரன். அடுத்தவன் இடத்துல பன்னெண்டு வருஷத்துக்கு மேல இருந்திருக்கான். சொந்தக்காரனுக்கு ஒரு காயிதம் எழுதல, ஒரு வார்த்தை கேக்கல, எனக்குத்தான் சொந்தம்னு இருந்திருக்கான். மேல்கோர்ட்டு, 'இனி இது அவனுக்கே'ன்னு சொல்லிருச்சு. நான் வாரண்டைத் தூக்கிக்கிட்டுப் போன அன்னைக்கு அவன் அந்த உத்தரவை நீட்டுறான். எனக்கு அடடான்னு ஆயிப்போச்சு. முப்பத்தோரு வருஷம் ஓடி ஓடி நான் ஒரு குடிசை கட்டல. இவன் பேசாம இருந்தே வீடு வாங்கிட்டான். பேசாம இருக்கிறது எம்புட்டு லேசான வேலை!

அந்த ஜூன்ல லெட்டர் போடல.

அங்கம்மா கேட்டா, 'என்ன, டீச்சருக்கு இன்னும் எழுதலையா?' நான் சொன்னேன், 'எழுதினா அவுக வீடுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.' அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. 'ஒத்துக்கிட்ட மாதிரி என்ன? அவுக வீடுதான?'ன்னா. அவளுக்குச் சட்டம் தெரியாது. படிக்கல.

டீச்சர்கிட்ட இருந்து லெட்டர் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பிரிக்கல. பிரிச்சா படிக்கணும். படிச்சா பதில் எழுதக் கை வரும். எழுதினா பன்னெண்டு வருஷக் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து. அதனால பிரிக்கல. மொத்தம் ஆறு வந்துச்சு. அப்புறம் ஒரு அச்சடிச்ச கார்டு வந்துச்சு, கவர் இல்லாம, திறந்தாப்புல. அதை மட்டும் படிச்சேன். டீச்சர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள்னு இருந்துச்சு. அங்கம்மா அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல. நான் கடையில இட்லி வாங்கித் தின்னேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா கணக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இன்னொரு டீ? சிக்கந்தர் பாய் மணியப் பாக்குறாரு. அஞ்சரைதான் பாய். கொய்யா மரத்துல இன்னும் வெயில் இருக்கு பாருங்க.

கேளுங்க சார், பதினோரு வருஷம் எட்டு மாசம் போச்சு. இன்னும் நாலே மாசம். அங்கம்மாவும் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டா. கடைசி நாள்ல கூட, 'மேல போனா டீச்சர் கேப்பாக, நான் என்ன சொல்றது?'ன்னா. நீ வேற, தூங்குன்னேன்.

ஒரு வியாழக்கிழமை சந்தைக்குப் போயிட்டு வர்றேன். வீடு திறந்து கிடக்கு. திருடன்னு நினைச்சு முருங்கைக்காயக் கம்பு மாதிரி பிடிச்சுக்கிட்டு உள்ள போறேன். பாத்தா, அந்த ரூம் சார்! இருபது வருஷத்துக்கு மேல நான் நுழையாத அந்த ரூம். அதைத் திறந்து, கட்டில்ல இந்தப் பிரிசில்லா உக்காந்திருக்கு. மடியில அந்த உலக உருண்டை. இதுக்கிட்ட இன்னொரு செட்டு சாவி இருந்திருக்கு. என்னைப் பாத்து, 'மாமா, நல்லா இருக்கீங்களா? வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!'ங்குது.

எனக்கு ஆத்திரம் வந்துச்சு. ஆள் இல்லாத நேரம் பாத்து, கேக்காம கொள்ளாம உள்ள நுழையிறதாவது? நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். அத்துமீறி நுழைஞ்சதா ஒரு புகார் எழுதிக் குடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் படிச்சிட்டு, 'யோவ் பெருசு, வீட்டுக்காரம்மா வீட்டுக்குள்ள வந்ததுக்குப் புகாரா? வெயில்ல வந்தீரா?'ன்னாரு.

நான் சொன்னேன், 'சார், வீட்டுக்குச் சொந்தக்காரர் வேற, வீட்டுல இருக்கிறவர் வேற. பல வருஷமா இருக்கிறவனை, சொந்தக்காரரே ஆனாலும் தானா வந்து பூட்டைத் திறந்து வெளிய அனுப்ப முடியாது. கோர்ட்டு மூலமாத்தான் வரணும். இல்லேன்னா நான் ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு மறுபடி உள்ள வருவேன்.' அவரு யாருக்கோ போன் போட்டாரு. வச்சிட்டு, 'பெருசு சொல்றது சரிதான்போல'ன்னாரு. அந்த அத்துமீறல் செக்‌ஷனையும் நான் அப்பிடியே ஒப்பிச்சேன். அதுல ரெண்டு பாதி இருக்கு, உங்களுக்குத் தெரியுமே. முதல் பாதி, உத்தரவு இல்லாம நுழையிறவன். ரெண்டாவது பாதி, உத்தரவோட நுழைஞ்சிட்டு அப்புறம் போகமாட்டேன்னு உக்காந்துக்கிறவன். அன்னைக்கு முதல் பாதிதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வயசாச்சுல்ல.

ரெண்டு லேடி போலீஸ் வந்து பிள்ளைய வெளிய கூட்டிட்டு வந்தாங்க. இந்தப் படியிலதான் நின்னுச்சு. 'மாமா, ஒரு ராத்திரி மட்டும் அம்மா ரூம்ல படுத்துக்கிறேன். காலையில போயிடுறேன்'னுச்சு. நான் சொன்னேன், 'ஒரு ராத்திரி படுத்தாலும் அது அனுபவ பாத்தியதை ஆயிரும்மா.' சட்டப்படி நான் சொன்னது சரி. சரிதான சார்? சொல்லுங்களேன். நீங்க டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடி?

அப்ப இருந்துதான் அது இந்தக் கேட்டைத் தாண்டல. கோர்ட்டு சொல்லாம உள்ள வரக் கூடாதுன்னு நான் சொன்னேன்ல? அப்பிடியே பிடிச்சுக்கிச்சு. அம்மா மாதிரி.

வழக்குப் போட்டுச்சு. எங்கிட்ட எல்லாம் இருந்துச்சு. ரேஷன் கார்டு, கரண்டு பில்லு, பன்னெண்டுல நாலு மாசம் குறைஞ்சாலும் வாதாடிப் பாக்கலாம்னாரு வக்கீலு. அப்பத்தான் அந்தப் பிள்ளை ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து வைக்குது. என் பதினெட்டு லெட்டரு. டீச்சர் ஒண்ணு விடாம கட்டி வச்சிருந்திருக்காக.

வக்கீல் என் காதுல, 'கையெழுத்து உங்களுது இல்லேன்னு சொல்லிடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னாரு. எப்பிடிச் சொல்றது சார்? அந்தக் கோர்ட்டு ரிக்கார்டு ரூம் பூரா அந்தக் கையெழுத்துதான் கிடக்கு. கூண்டுல ஏறி, 'என்னுதுதான்'னேன். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொண்ணா வாசிச்சாரு. 'இங்கு தங்கள் வீடு நலம்.' அடுத்தது. 'இங்கு தங்கள் வீடு நலம்.' பின்னாடி உக்காந்திருந்தவங்க அஞ்சாவதுக்குச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. பத்தாவதுக்கு நிறுத்திட்டாங்க. ஜட்ஜம்மா என்னைப் பாத்து, 'இவ்வளவு ஒழுங்கா எழுதிட்டு வந்திருக்கீங்களே, ஏன் நிறுத்தினீங்க?'ன்னு கேட்டாக.

'தபால் கட்டணம் ஏறிப்போச்சுங்க'ன்னேன்.

யாரும் சிரிக்கல. தீர்ப்புல ஒரு வரி எழுதினாக, எனக்கு மனப்பாடம். அனுமதியோட உள்ள வந்தவர், எத்தனை வருஷம் இருந்தாலும் அனுமதியோட இருக்கிறவர்தான், வாயை மூடிக்கிட்டதால மட்டும் சொந்தக்காரர் ஆயிட முடியாது. அப்பீல்லயும் அதையே சொன்னாங்க. சுத்தமான தீர்ப்பு. நான் அமீனாவா இருந்திருந்தா நானே சந்தோசமா கொண்டுவந்து நிறைவேத்தியிருப்பேன்.

மணி என்ன? ஆறு அஞ்சா. தண்ணித் தொட்டி மேல மட்டும்தான் வெயில் நிக்குது. ஏன் சார், நீங்க என்னை நிறுத்தவே இல்ல? பாய் ரெண்டு தரம் இருமினாரு, நீங்க அவரைக் கையமத்துனீக. பாத்தேன். நான் இழுத்தடிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முத டீயிலயே தெரிஞ்சிருக்கும். இன்னும் பதினஞ்சு நிமிசம். இன்னொரு கதை இருந்தாப் போதும். இருக்கு. ஒரு கதைதான் இருக்கு, அது சொல்ற கதை இல்ல.

அந்த ஆறு லெட்டரு இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு. வழக்குல நான் காட்டல. அந்தப் பிள்ளையும் கேக்கல. பிரிக்கலேன்னு சொன்னேன்ல, பிரிக்கல. ஆனா வெளிய பாத்தேன். அஞ்சு லெட்டர்ல அட்ரஸு டீச்சர் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சுக்கிட்டே வருது. அஞ்சாவதுல ழகரம் கோணிப் போச்சு. டீச்சர் ழகரம் கோணாது சார். ஆறாவதுல அட்ரஸு வேற கை. இந்தப் பிள்ளை எழுதியிருக்கு. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கும். அதுக்கு அப்ப தெரியும்ல, நான் பதில் போடலேன்னு? கோர்ட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வக்கீல் அந்தப் பிள்ளைய என்னென்னமோ கேட்டாரு. அது இதைக் கேக்கல.

அந்த ஆட்டோவுல இருந்து இறங்குது பாருங்க. இந்தப் பக்கந்தான் வருது. நீங்க கூப்பிட்டீகளா? இல்லையா?

என்னம்மா?

மாமாங்குது சார். மூணு வருஷமா நான் பிரதிவாதி. இப்ப மாமா.

சத்தமாச் சொல்லும்மா, காது கொஞ்சம் மந்தம். எதுக்கு கேட்டுக்கு வெளியவே நிக்கிற? என்னது? பாத்ரூமா?

மூணு மணியில இருந்து உக்காந்திருக்கியே, சுகர் இருக்கா உனக்கு? உங்கம்மாவுக்கும் இருந்துச்சு. பக்கத்து வீட்டுல கேக்க வேண்டியதுதான? பூட்டிக் கிடக்கா. சரி. கோர்ட்டு உத்தரவு வந்தாத்தான் வருவேன்னு நிக்கிறியாக்கும். அவரு கையிலதான் உத்தரவு இருக்கு, ஆனா அவரு இன்னும் உள்ள போகல. கதவு பூட்டிக் கிடக்கு. சாவி எங்கிட்ட இருக்கு.

என்ன சார் இது? தன் வீட்டுல ஒண்ணுக்குப் போக எங்கிட்ட உத்தரவு கேட்டு நிக்குது. முப்பத்தோரு வருஷத்துல இப்பிடி ஒரு வாதிய நான் பாத்ததில்ல.

பாய், அந்தக் கம்பியத் தூரப் போடுங்க. தேவையில்ல. இந்தா, நானே திறக்கிறேன். இந்த மேல் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், இடது பக்கம் திருப்பி இழுக்கணும். ம். போம்மா. ஸ்விட்ச் கதவுக்கு வலது பக்கம் இருக்கு. ஓ, உனக்குத் தெரியும்ல. நான் எதுக்குச் சொல்றேன்?

பாருங்க, செருப்பப் படியிலயே விட்டுட்டுப் போகுது.

நீங்களும் போங்க சார், வெளிச்சம் இருக்கும்போதே. ஆறு பதினொண்ணுன்னு போட்டுக்கங்க, பிரதிவாதி தானே திறந்துவிட்டாருன்னு எழுதுங்க. சாமான் லிஸ்ட் எடுக்க வேண்டியதில்ல. காலையிலயே கட்டிட்டேன். கதவுக்கு உள்பக்கமே இருக்கு பாருங்க, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டைப் பை, அங்கம்மா போட்டோ. ஏன் காலையிலயே கட்டினேன்னா, தெரியல. உங்களை நிறுத்திப் பாக்கணும்னும் இருந்துச்சு, கட்டி வைக்கணும்னும் இருந்துச்சு. மகன் திருப்பூர்ல இருக்கான். மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம் இருக்குன்னான். மழை படாது, அதுவரைக்கும் நல்லது.

பெட்டியும் பையும் வெளிய வந்திருச்சா? போட்டோவை எங்கிட்டக் குடுங்க. சரி. இந்தாங்க சாவி. நாலும் இருக்கு, மேல் பூட்டு, கீழ் பூட்டு, கொல்லைக் கதவு, மோட்டார் ரூம். அந்த ரூம் சாவி எங்கிட்ட எப்பவும் இருந்ததில்ல.

ஒரே ஒரு விஷயம் கேக்கணும் சார். ரிப்போர்ட்டுல, உடைமை ஒப்படைக்கப்பட்டதுன்னு எழுதிட்டு நிறுத்திடுவீக. நாங்களும் அப்பிடித்தான் நிறுத்துவோம். இதுல மட்டும் ஒரு வரி கூடப் போடுங்க. சுத்திப் பாத்துட்டே போடுங்க. ஓடு ஒண்ணும் ஒழுகல, கிணத்துல தண்ணி இருக்கு, கதவு சன்னல் எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. வீடு நல்ல நிலைமையில இருக்குன்னு ஒரு வரி. யார் கேக்கப் போறான்னு தெரியும். இருந்தாலும் போடுங்க. அந்த ஜூன்ல போட வேண்டியது.

போட்டீகளா? படிங்க பாப்போம். சரி. போதும்.

எங்க கையெழுத்து? இங்கயா? எழுத்து மங்கலா இருக்கே. என் கண்ணாடி? சட்டைப் பையில இல்ல. அட, பெட்டியக் காட்ட உள்ள போனப்ப சன்னல் விளிம்புல வச்சிட்டேன். கையெழுத்து குத்துமதிப்பாப் போட்டுடுறேன், அது பழக்கந்தான். கண்ணாடி எதுக்குன்னா, பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அந்த ஆறு லெட்டரு பெட்டியில மேலதான் இருக்கு. இனிமே பிரிச்சா எந்தக் கணக்கும் கெடாது.

நீங்க எடுத்துக் குடுக்க வேணாம் சார். உங்க வேலை முடிஞ்சிருச்சு, இனி நீங்களும் உள்ள போகக் கூடாது. நானும் சும்மா போகக் கூடாது. சாவி கை மாறி அஞ்சு நிமிசம் ஆச்சு. இப்ப நான் இந்தப் படியத் தாண்டினா, அந்த செக்‌ஷன் ரெண்டு பாதியும் எனக்குத்தான்.

பிரிசில்லாம்மா... வந்துட்டியா. கண்ணாடிய உள்ள வச்சிட்டேன். நான் கொஞ்சம் உள்ள வரலாமா?

இரும்மா, இரு. செருப்பக் கழட்டிக்கிறேன்.